247 பகா எண்ணா? காரணிகளைக் கொண்டு பகா எண், பகு எண் அறியும் முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள், கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பகா எண்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "2, 3, 5, 7, 11, 13, 17..." என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல 97 வரை பிசிறில்லாமல் சொல்லி முடித்தாள். "சரி பாப்பா, 247 பகா எண்ணா, பகு எண்ணா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எங்க லிஸ்ட்லயே இல்லையே சித்தி" என்றாள்.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளிடம் இருந்த பட்டியல் 100-உடன் நின்றுவிட்டது. எண்கள் அங்கே நிற்பதில்லை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் "இதற்கு எத்தனை காரணிகள்?" என்று தேடத் தெரிந்துவிட்டால் பட்டியலே தேவைப்படாது. அன்று மாலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். 247-க்கான விடை அவள் தலைக்கு மேலே சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் வருவோம்.

(இலங்கைப் பாடநூல்களில் பகா எண்ணை முதன்மை எண் என்பார்கள். பெயர்தான் வேறு, பொருள் ஒன்றே.)

புளியங்கொட்டையில் தொடங்குங்கள்

ஒரு கைப்பிடி புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சோழியோ சட்டைப் பொத்தானோ இருந்தாலும் சரி. 12 கொட்டைகளை எண்ணித் தரையில் வையுங்கள். அவற்றை வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் சமமான எண்ணிக்கை இருக்க வேண்டும், கையில் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. விதி அவ்வளவுதான்.

ஒரே வரிசையில் 12-ஐயும் வைக்கலாம். 2 வரிசை போட்டால் வரிசைக்கு 6. 3 வரிசை என்றால் வரிசைக்கு 4. நான்கு வரிசை போட்டாலும் வரும், வரிசைக்கு 3. ஆனால் அது முந்தைய செவ்வகமேதான், திரும்பிப் படுத்திருக்கிறது. 5 வரிசை போட்டுப் பாருங்கள், 2 கொட்டை கையில் நின்றுவிடும். ஆக 12-க்கு மூன்று செவ்வகங்கள். அவற்றின் பக்கங்களைச் சேர்த்து எழுதினால் 1, 2, 3, 4, 6, 12. இந்த ஆறும்தான் 12-இன் காரணிகள். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்ணைத்தான் அதன் காரணி என்கிறோம். கொட்டை மிஞ்சாமல் அடுக்குவதும் மீதியில்லாமல் வகுப்பதும் ஒரே வேலை.

இப்போது இன்னும் ஒரே ஒரு கொட்டையைச் சேருங்கள். 13. இரண்டு வரிசை போட்டால் ஒன்று மிஞ்சும். மூன்றிலும் ஒன்று, நான்கிலும் ஒன்று. ஐந்தில் 3 மிஞ்சும், ஆறில் மறுபடி ஒன்று. ஒரே நீள வரிசையைத் தவிர வேறு எப்படியும் அடுக்க முடியாது. காரணிகள் 1, 13 இரண்டே இரண்டுதான். பகுக்க இயலாதது என்பதால்தான் பகா எண்.

சரியாக இரண்டே காரணிகள் உள்ள எண் பகா எண். இரண்டுக்கு மேல் இருந்தால் பகு எண். "ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்" என்று மனப்பாடமாகச் சொல்வதைவிட, "சரியாக இரண்டு" என்று பிடித்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் 1 எங்கே சேரும் என்ற பழைய குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும். ஒரு கொட்டையை வைத்து ஒரு செவ்வகம்தான் வரும், அதன் இரண்டு பக்கமும் 1. காரணி ஒன்றே ஒன்று. இரண்டு இல்லாததால் 1 பகா எண்ணும் ஆகாது, பகு எண்ணும் ஆகாது. 2-க்கு 1, 2 என்று சரியாக இரண்டு காரணிகள். ஆகவே அது பகா எண். இரட்டை எண்களில் பகா எண் அது ஒன்றுதான், மற்ற எல்லா இரட்டை எண்களையும் இரண்டு வரிசையாக அடுக்கிவிடலாமே.

காரணிகளை ஜோடியாக எடுங்கள்

பரீட்சையில் 36-இன் காரணிகளைக் கேட்டால் பிள்ளைகள் 1, 2, 3, 6 என்று ஆரம்பித்து, நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதி, 4-ஐயோ 9-ஐயோ விட்டுவிடுவார்கள். ஒன்றொன்றாகத் தேடுவதால் வரும் கோளாறு இது. காரணிகள் எப்போதும் ஜோடியாகவே வரும். செவ்வகத்துக்கு இரண்டு பக்கம் இருப்பதுபோல.

நோட்டில் இடதுபுறம் 1 எழுதி, அதற்கு நேரே வலதுபுறம் 36 எழுதுங்கள். அடுத்த வரியில் 2, எதிரே 18. பிறகு 3, எதிரே 12. 4, எதிரே 9. 5 வகுக்காது, விட்டுவிடலாம். 6, எதிரே 6. இடப்பக்கம் ஏறிக்கொண்டே போக, வலப்பக்கம் இறங்கிக்கொண்டே வந்து, 6-இல் இரண்டும் சந்தித்துவிட்டன. இதற்கு மேல் தேடினால் 9 × 4, 12 × 3 என்று பழைய ஜோடிகளே தலைகீழாக வரும். இடப்பக்கத்தை மேலிருந்து கீழாகவும், வலப்பக்கத்தைக் கீழிருந்து மேலாகவும் படித்தால் 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 36. ஒன்பது காரணிகள், ஒன்றும் விடுபடவில்லை.

ஒன்பது என்பது ஒற்றைப்படை. ஜோடியாக வருகிறது என்றோமே, பிறகு ஒற்றைப்படை எப்படி? 6 தனக்குத் தானே ஜோடி, அதை ஒருமுறைதான் எழுதுவோம். வர்க்க எண்களுக்கு மட்டுமே இப்படி நடக்கும். 48-க்கு இதே முறையில் எழுதிப் பாருங்கள், ஐந்து ஜோடி, பத்து காரணிகள் வரும்.

எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்?

இந்த வழிகாட்டியிலேயே நான் அதிகம் வலியுறுத்துவது இந்தப் பகுதியைத்தான். 97 பகா எண்ணா என்று பார்க்க 2-இலிருந்து 96 வரை வகுத்துப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். 2, 3, 5, 7 ஆகிய நான்கு எண்கள் போதும்.

காரணம், மேலே பார்த்த சந்திக்கும் இடம்தான். ஓர் எண்ணை இரண்டு காரணிகளின் பெருக்கலாக எழுதினால், அவற்றில் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. இரண்டுமே அதைவிடப் பெரியவை என்றால் பெருக்கும்போது எண்ணைவிடப் பெரிய தொகை வந்துவிடும். 97-ஐ எடுங்கள். 9 × 9 = 81, 10 × 10 = 100. ஆகவே 97 உடையும் என்றால் அதன் சிறிய காரணி 9-க்குள் இருந்தாக வேண்டும்.

9 வரை எல்லா எண்களையும் பார்க்கவும் தேவையில்லை. 2 வகுக்காத எண்ணை 4, 6, 8 வகுக்கப்போவதில்லை. 3 வகுக்காததை 9 வகுக்காது. பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். 97 ஒற்றைப்படை. 3 × 32 = 96, ஒன்று மீதி. கடைசி இலக்கம் 0-வோ 5-ஓ இல்லை. 7 × 13 = 91, ஆறு மீதி. நான்கும் தோற்றுவிட்டன. 97 பகா எண்.

இதே தேடலில் 91-ஐ வையுங்கள். 2, 3, 5 மூன்றும் வகுக்காது. கடைசியாக மிஞ்சிய 7 வகுத்துவிடுகிறது, 7 × 13. நூற்றுக்குள் மாணவர்களை அதிகம் ஏமாற்றும் எண் இதுதான் என்பது என் அனுபவம். ஏழாம் வாய்ப்பாட்டை ஏழு பத்து எழுபது என்றோ, ஏழு பன்னிரண்டு எண்பத்து நான்கு என்றோ நிறுத்திவிடுகிறோம். அதற்கு அடுத்த படியில் 91 நிற்கிறது. 51 (3 × 17), 57 (3 × 19), 87 (3 × 29) ஆகியவையும் இப்படி வாய்ப்பாட்டின் எல்லைக்கு அப்பால் நிற்பவையே. ஆனால் இந்த மூன்றையும் இலக்கங்களைக் கூட்டியே பிடித்துவிடலாம்.

வகுக்காமலே கண்டுபிடிக்கும் வழிகள்

2-க்கும் 5-க்கும் கடைசி இலக்கம் போதும். 3-க்கு இலக்கங்களைக் கூட்டுங்கள், கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும். 87: 8 + 7 = 15, வகுபடும். 10 என்பது 9 + 1, 100 என்பது 99 + 1. ஒவ்வொரு பத்திலும் நூறிலும் 9-இன் மடங்கை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்த இலக்கம் மட்டும்தான். அதனால்தான் கூட்டினால் போதுமானதாக இருக்கிறது.

11-க்கு இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டி, இரண்டு கூட்டுத்தொகைகளையும் கழியுங்கள். 0-வோ 11-இன் மடங்கோ வந்தால் வகுபடும். 209: 2 + 9 = 11, நடுவில் 0, வித்தியாசம் 11. ஆகவே 209 = 11 × 19.

7, 13, 19 மூன்றுக்கும் ஒரே பாணியில் வழி உண்டு. பள்ளியில் 7-க்கு மட்டும் எப்போதாவது சொல்லித்தருவார்கள். கடைசி இலக்கத்தைத் தனியே பிரியுங்கள். 7-க்கு அதை இரண்டால் பெருக்கி, மிஞ்சிய எண்ணிலிருந்து கழியுங்கள். 13-க்கு நான்கால் பெருக்கிக் கூட்டுங்கள். 19-க்கு இரண்டால் பெருக்கிக் கூட்டுங்கள். கிடைப்பது அந்தந்த எண்ணால் வகுபட்டால், முதல் எண்ணும் வகுபடும்.

திருக்குறளின் அதிகாரங்கள் 133. ஏழுக்குப் பார்ப்போம்: 13 − 6 = 7. வகுபடுகிறது. பத்தொன்பதுக்கு: 13 + 6 = 19. அதுவும் வகுபடுகிறது. 133 = 7 × 19. முதல் பார்வைக்குப் பகா எண்போலத் தோன்றும் இன்னோர் எண் பிடிபட்டது.

ஏன் இப்படி நடக்கிறது? 7-ஐ மட்டும் சொல்கிறேன். கடைசி இலக்கத்தின் இரு மடங்கைப் பத்துகளின் இடத்திலிருந்து கழிக்கிறோம் என்றால், முழு எண்ணிலிருந்து அந்த இலக்கத்தின் 21 மடங்கைக் கழிக்கிறோம் என்று பொருள்: பத்தின் இடத்தில் 20 மடங்கு, பிரித்தெடுத்த இலக்கம் ஒரு மடங்கு. 21 என்பது 3 × 7. ஏழின் மடங்கைக் கழிப்பதால் ஏழால் வகுபடும் தன்மை மாறுவதில்லை. 13-க்கு இதே இடத்தில் 39 வரும், 19-க்கு 19-ஏ வரும். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், விதி உங்களுடையதாகிவிடும்.

சுவரில் தொங்கிய விடை

இப்போது 247. 15 × 15 = 225, 16 × 16 = 256. ஆகவே 15 வரை உள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும்: 2, 3, 5, 7, 11, 13.

ஒற்றைப்படை, ஆகவே 2 இல்லை. 2 + 4 + 7 = 13, ஆகவே 3 இல்லை. 5 இல்லை. ஏழுக்கு 24 − 14 = 10, இல்லை. பதினொன்றுக்கு 2 + 7 − 4 = 5, இல்லை. "பகா எண்ணேதான் சித்தி" என்று எழுந்துவிட்டாள். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதே என்று உட்கார வைத்தேன். பதின்மூன்றுக்கு 24 + 28 = 52. நான்கு பதிமூன்று ஐம்பத்திரண்டு. வகுபடுகிறது! 247 = 13 × 19. பார்க்க வேண்டிய ஆறு பகா எண்களில் ஐந்து கைவிரித்த பிறகு, ஆறாவதில் அகப்பட்டது. "கிட்டத்தட்ட எல்லாம் பார்த்துட்டேன்" என்று நிறுத்தவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எண் எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவளுக்குச் சுவரைக் காட்டினேன். அவள் தம்பிக்காக மாட்டிய தமிழ் எழுத்து அட்டவணை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. மேல் வரிசையில் அ முதல் ஔ வரை. இடது ஓரத்தில் க் முதல் ன் வரை. இரண்டும் சந்திக்கும் கட்டங்களில் உயிர்மெய்கள். இடது மேல் மூலையில் ஒரு கட்டம் காலியாக இருக்கும், அங்கே ஃ-ஐ வையுங்கள். இப்போது குறுக்கே எண்ணினால் 13 கட்டம், நெடுக எண்ணினால் 19. ஒரு கட்டமும் மிஞ்சாத, ஒரு கட்டமும் குறையாத முழுச் செவ்வகம்! புளியங்கொட்டையை அடுக்கியதுபோல நம் எழுத்துகளே அடுக்கி வைத்திருக்கின்றன. 12 × 18 + 12 + 18 + 1 என்று கூட்டுவதும், (12 + 1) × (18 + 1) என்று பெருக்குவதும் ஒன்றே. ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்த அட்டவணையில் 247-இன் காரணிகள் இருந்ததை அவளும் நானும் அன்றுதான் கவனித்தோம்.

சல்லடை: நூறு எண்களையும் ஒரே மூச்சில்

ஓர் எண்ணைச் சோதிப்பது வேறு, ஒரு கூட்டத்தையே சலிப்பது வேறு. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரடோஸ்தனீஸ் பெயரில் வழங்கும் சல்லடை முறை இன்றும் அப்படியே பயன்படுகிறது. பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவரும் அவரே.

1 முதல் 100 வரை எழுதுங்கள். வரிக்குப் பத்தாக எழுதுவது வழக்கம், நான் வரிக்கு ஆறாக எழுதச் சொல்வேன். 1-ஐ அடித்துவிடுங்கள். 2-ஐச் சுழித்து, அதன் மடங்குகளை எல்லாம் அடியுங்கள். வரிக்கு ஆறாக எழுதியிருப்பதால் 2-க்குக் கீழே உள்ளவையும், 4, 6 நிற்கும் நெடுவரிசைகளும் ஒரே கோட்டில் போய்விடும். அடுத்து 3-ஐச் சுழித்து அதன் நெடுவரிசையை அடியுங்கள். மிஞ்சுவது முதல் நெடுவரிசையும் ஐந்தாவதும் மட்டுமே. 3-க்கு மேற்பட்ட எந்தப் பகா எண்ணும் 6-இன் மடங்குக்கு ஒன்று முன்னாலோ ஒன்று பின்னாலோதான் இருக்கும் என்பது அங்கே கண்ணாலேயே தெரியும். அதற்காக அந்த இடத்தில் நிற்பதெல்லாம் பகா எண் ஆகிவிடாது, 25-உம் 35-உம் அங்கேதான் நிற்கின்றன.

5-இன் முறை வரும்போது புதிதாக அடிபடுபவை 25, 35, 55, 65, 85, 95 ஆறு மட்டும். 7-இன் முறையில் மூன்றே மூன்று: 49, 77, 91. முதல் இரண்டும் வாய்ப்பாட்டில் பழகியவை, மூன்றாவது நம்முடைய பழைய 91. அடுத்து 11. அதன் முதல் புதிய மடங்கு 11 × 11 = 121, நூறைத் தாண்டிவிட்டது. ஆகவே நிறுத்திவிடலாம். கணக்குச் சரிபாருங்கள்: 2-இல் அடிபட்டவை 49, 3-இல் 16, 5-இல் 6, 7-இல் 3, மொத்தம் 74. 1-ஐயும் சேர்த்து 75. மிஞ்சிய 25-உம் பகா எண்கள். இதையே 1000 வரை செய்தால் 168 வரும்.

பகு எண்ணைப் பிரித்துப் பார்த்தல்

பகு எண் என்று தெரிந்ததும் வேலை முடிந்துவிடாது. அதைப் பகா எண்களாகவே உடைத்துவிடலாம். எண்ணைக் கிளை கிளையாக இரண்டிரண்டு காரணிகளாகப் பிரித்துக் காரணிச்செடி வரைவது ஒரு வழி, பகா எண்களால் அடுத்தடுத்து வகுத்துக்கொண்டே கீழே இறங்குவது இன்னொரு வழி. 360-ஐ 2-ஆல் வகுத்தால் 180, மறுபடி 90, மறுபடி 45. 3-ஆல் 15, மறுபடி 5. ஆக 360 = 2 × 2 × 2 × 3 × 3 × 5. நீங்கள் 36 × 10 என்று தொடங்கினாலும், 18 × 20 என்று தொடங்கினாலும், செடியின் உருவம் மாறுமே தவிர நுனியில் இதே ஆறு எண்கள்தான் நிற்கும். எந்தப் பகு எண்ணுக்கும் இப்படி ஒரே ஒரு பிரிப்புதான் உண்டு. 1-ஐப் பகா எண்ணாகச் சேர்க்காததற்கு உண்மையான காரணமும் இதுவே. சேர்த்திருந்தால் 12-ஐ 2 × 2 × 3 என்றும், 1 × 2 × 2 × 3 என்றும், 1 × 1 × 2 × 2 × 3 என்றும் முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம். ஒரே பிரிப்பு என்ற உறுதி போய்விடும்.

இந்தப் பிரிப்பு கையில் இருந்தால் காரணிகளை எழுதாமலே அவற்றின் எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். 360-இல் 2 மூன்று முறை வருகிறது. ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ எடுக்காமலும் விடலாம், ஒன்று, இரண்டு, மூன்று என்றும் எடுக்கலாம். நான்கு வாய்ப்பு. 3-க்கு மூன்று வாய்ப்பு. 5-க்கு இரண்டு. 4 × 3 × 2 = 24 காரணிகள்.

காரணிகள் நிறைந்த எண்களின்மேல் தனி ஆசை கொண்டவர், ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். தனக்கு முந்தைய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1915-இல் வெளிவந்தது. அதை வைத்தே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. 12, 24, 36, 48, 60, 120, 180 எல்லாம் அந்த வரிசையில் வருபவை. பகா எண்ணுக்கு நேர் எதிர்முனை இவை. 60-க்கு 12 காரணிகள், அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். பாதி, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று என எப்படிப் பங்கிட்டாலும் நாழிகை உடையாது. 59-ஆகவோ 61-ஆகவோ பிரித்திருந்தால் பாதி நாள் என்பதற்கே பின்னம் தேவைப்பட்டிருக்கும்.

மீப்பெரு பொதுக் காரணிக்கும் மீச்சிறு பொது மடங்குக்கும் இதே பிரிப்புதான் அடிப்படை. 48 லட்டு, 60 மைசூர்பாகு இருக்கின்றன, மிஞ்சாமல் அதிகபட்சம் எத்தனை பைகளில் சமமாகப் போடலாம்? 48 = 2 × 2 × 2 × 2 × 3, 60 = 2 × 2 × 3 × 5. இரண்டிலும் பொதுவாக இருப்பது 2 × 2 × 3 = 12. பன்னிரண்டு பை, பைக்கு 4 லட்டு, 5 மைசூர்பாகு.

ஒழுங்கு தெரிந்தாலும் சோதிக்காமல் நம்பாதீர்கள்

31, 331, 3331, 33331, 333331, 3333331, 33333331. இவை ஏழும் பகா எண்கள். அடுத்து 333333331-உம் அப்படித்தான் என்று யாருக்கும் தோன்றும். அது 17 × 19607843. 1772-இல் கணிதவியலர் ஆய்லர் கவனித்த ஒரு சூத்திரமும் உண்டு: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எதை வைத்தாலும் பகா எண்ணே வரும். 40-ஐ வைத்தால் 1681, அது 41 × 41.

பகா எண்கள் எங்காவது தீர்ந்துபோகுமா? போகாது என்பதை யூக்ளிட் கி.மு. 300-ஐ ஒட்டியே நிறுவிவிட்டார். உங்களிடம் இருக்கும் பகா எண்களை எல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வரும் எண்ணை அவற்றில் எது வகுத்தாலும் ஒன்று மீதி நிற்கும். ஆகவே அந்த எண் பகா எண்ணாக இருக்க வேண்டும், அல்லது உங்களிடம் இல்லாத ஒரு பகா எண் அதை வகுக்க வேண்டும். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031. இது பகா எண் இல்லை, 59 × 509. ஆனால் 59-உம் 509-உம் நம் கையில் இருந்த ஆறில் இல்லாதவை. இன்று தெரிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண் 2024 அக்டோபரில் கண்டறியப்பட்டது: 2-ஐ 136279841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தது. அதை எழுத 41024320 இலக்கங்கள் வேண்டும்.

பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம்

13-ஐயும் 19-ஐயும் பெருக்கச் சொன்னால் நொடியில் சொல்லிவிடுவோம். 247-ஐப் பிரிக்க ஆறு சோதனை செய்ய வேண்டியிருந்தது. எண் பெரிதாக ஆக, இந்த இடைவெளி மலைக்க வைக்கும் அளவுக்கு விரிகிறது. 2-ஐ 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 21 இலக்க எண் பகு எண் என்று 1876-இலேயே பிரெஞ்சுக் கணிதவியலர் லூகா நிறுவிவிட்டார், ஆனால் காரணிகள் தெரியவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதவியலர் பிராங்க் நெல்சன் கோல் ஒரு கூட்டத்தில் கரும்பலகையில் 193707721 × 761838257287 என்று எழுதிப் பெருக்கிக் காட்டினார். அதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று பின்னர் சொல்லியிருக்கிறார்.

பகு எண் என்று அறிவதும் அதன் காரணிகளை அறிவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை இதில் கவனியுங்கள். முதல் வேலைக்கு எந்த எண்ணுக்கும் செல்லும் ஒரு விரைவான வழிமுறையை 2002-இல் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் தந்தார்கள். இரண்டாம் வேலைக்கு அப்படி ஒரு வழி சாதாரணக் கணினிகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. 1977-இல் ரிவெஸ்ட், ஷாமிர், ஏடில்மேன் உருவாக்கிய ஆர்எஸ்ஏ என்ற இணையப் பூட்டு இந்தக் கடினத்தையே நம்பி நிற்கிறது. இரண்டு மிகப் பெரிய பகா எண்களைப் பெருக்கி, சுமார் 617 இலக்கம் கொண்ட பெருக்கல் பலனை வெளிப்படையாக அறிவித்துவிடுவார்கள். பிரிக்கத் தெரியாதவரைப் பூட்டு பத்திரம்.

கையில் பென்சில் எடுத்து இவற்றைச் சோதியுங்கள்: 143, 211, 323, 2021, 2027. விடையைப் பார்க்கும் முன் ஒவ்வொன்றுக்கும் எதுவரை போக வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 143-க்கு 11 வரை, 323-க்கு 17 வரை, 2021-க்கு 43 வரை. மூன்றும் கடைசிச் சோதனையில்தான் உடையும்: 11 × 13, 17 × 19, 43 × 47. அடுத்தடுத்த பகா எண்களைப் பெருக்கினால் இப்படித்தான் கடைசிவரை ஒளிந்திருக்கும். 211-உம் 2027-உம் பகா எண்கள்.

கடைசியாக 1729

ராமானுஜனைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்த ஆங்கிலேயக் கணிதவியலர் ஹார்டி, தான் ஏறி வந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியமற்ற எண் என்றார். இரண்டு கனங்களின் கூடுதலாக இருவிதமாக எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான் என்று ராமானுஜன் பதில் சொன்னார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதன் காரணிகளை அன்று மாலை நாங்கள் தேடினோம். ஏழுக்கு: 172 − 18 = 154, மறுபடி 15 − 8 = 7. வகுபடுகிறது. 1729 ÷ 7 என்று வகுத்துவிட்டு ஈவைப் பார்த்தவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். 247!

ஆகவே 1729 = 7 × 13 × 19. மூன்று பகா எண்களும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன, 2 × 2 × 2 = 8 காரணிகள். ஜோடியாக எழுதினோம். 1 × 1729. 7 × 247. 13 × 133. 19 × 91. அன்று முழுதும் எங்களை ஏமாற்றிய மூன்று எண்களும் வலப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

ராமானுஜன் சொன்ன கனங்களும் இந்த ஜோடிகளுக்குள்தான் இருக்கின்றன. இரண்டு கனங்களின் கூடுதலை அந்த இரண்டு எண்களின் கூடுதல் எப்போதும் வகுக்கும். 1 × 1 × 1-ஐயும் 12 × 12 × 12-ஐயும் கூட்டினால் 1729. 1 + 12 = 13, அதன் ஜோடி 133. 9 × 9 × 9-ஐயும் 10 × 10 × 10-ஐயும் கூட்டினாலும் 1729. 9 + 10 = 19, அதன் ஜோடி 91. இரு கூட்டல்களும் ஆளுக்கு ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டன. மிஞ்சிய 7 × 247-க்கு என்ன செய்வது என்று கேட்டேன். அவள் சுவரைப் பார்த்து, "அந்த மாதிரி ஏழு சார்ட் மாட்டணும் சித்தி" என்றாள்.